அறுவை சிகிச்சைக்குப் பிறகு மாத்திரை நேரம்: செல்போனை எப்படிப் பழக்குவது? – வாசகர் கேள்வி பதில்

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களுக்கு மருந்து நேரத்தைச் செல்போனில் நினைவூட்டுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, மருத்துவரும் மருந்தாளுநரும் செவிலியரும் அடங்கிய குழு இங்கே பதில் தருகிறது. முதலில் ஒரு வார்த்தை. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் போடும் மாத்திரை வருடக்கணக்கில் ஒரே மாதிரி போகும். அறுவை சிகிச்சைக்குப் பின் தரும் மருந்து பெரும்பாலும் அப்படிப் போவதில்லை. வாரத்துக்கு வாரம் குறையும், பாதியில் மாறும், ஒரு நாள் நின்றுவிடும். ஆகவே அப்படி நிற்கும் மருந்துக்கு வைக்கிற ஒவ்வொரு அலாரத்துக்கும் அது என்றைக்கு ஓய வேண்டும் என்ற தேதியும் வேண்டும். கீழே உள்ள பதில்களில் பல இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் வருகின்றன.

அப்பாவுக்கு 70 வயது. வலது கண்ணில் புரை நீக்கி லென்ஸ் வைத்திருக்கிறார்கள். ஸ்டீராய்டு சொட்டு மருந்து முதல் வாரம் 6 முறை, அடுத்த வாரம் 5 முறை, இப்படியே குறைந்து ஆறாவது வாரம் 1 முறை. ஆன்டிபயாடிக் சொட்டு 4 முறை, 2 வாரத்துக்கு. வாரா வாரம் அலாரத்தை மாற்றுவதில் குழம்பிப் போகிறோம். எளிய வழி உண்டா?
– வாசகர், சேலம்

உண்டு. வாரா வாரம் மாற்றவே வேண்டாம். முதல் நாளே ஆறு நேரங்களையும் கூகுள் காலண்டரில் தனித்தனி நிகழ்வாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு முடிவுத் தேதி கொடுத்துவிடுங்கள். வாரத்துக்கு ஒன்றாக அவை தாமாகவே உதிர்ந்துவிடும்.

நேரங்கள்: காலை 7, காலை 10, பகல் 1, மாலை 4, இரவு 7, இரவு 10. இதில் காலை 10 மணிக்கு உரியது 7-ஆம் நாளோடு முடியட்டும். மாலை 4 மணி 14-ஆம் நாளோடும், இரவு 10 மணி 21-ஆம் நாளோடும், பகல் 1 மணி 28-ஆம் நாளோடும், இரவு 7 மணி 35-ஆம் நாளோடும் முடியட்டும். காலை 7 மணி மட்டும் 42 நாளும் இருக்கும். இப்போது எண்ணிப் பாருங்கள்: 6, 5, 4, 3, 2, 1 என்று சரியாக வரும். மூன்றாவது வாரத்தில் இடைவெளி ஒரே சீராக இருக்காது. விழித்திருக்கும் நேரம் முழுவதற்கும் பரவியிருந்தால் போதும். ஆன்டிபயாடிக் சொட்டுக்குக் காலை 7, பகல் 1, இரவு 7, இரவு 10 என்று அதே நேரங்களையே பயன்படுத்துங்கள். அதற்கென்று தனியாக நான்கு நிகழ்வு போட்டு, 14-ஆம் நாளில் முடியும்படி வையுங்கள்.

காலண்டரில் நிகழ்வை உருவாக்கும்போது ‘டஸ் நாட் ரிப்பீட்’ என்று இருப்பதைத் தொட்டு, ‘கஸ்டம்’ போய், ‘எண்ட்ஸ்’ என்ற இடத்தில் தேதியைக் கொடுக்க வேண்டும். பலரும் தவறவிடும் இடம் இதற்கு அடுத்தது. அறிவிப்பு வழக்கமாக 30 நிமிடம் முன்னதாகவே வரும்படி இருக்கும். அதை நிகழ்வு நேரத்துக்கே மாற்றுங்கள். இல்லையென்றால் ஆறரைக்கு ஒலித்து, ‘இன்னும் நேரம் இருக்கிறதே’ என்று தள்ளிவைத்து, ஏழு மணிக்கு மறந்துபோவார்கள். காலண்டர் ஒலி ஒரு சின்னச் சிணுங்கலோடு நின்றுவிடும் என்பதால், போனின் அறிவிப்பு அமைப்பில் காலண்டருக்கு மட்டும் நீளமான ஒலியைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள்.

இனி மருந்து. இரண்டு சொட்டுக்கும் இடையே 5 நிமிடம் வேண்டும். உடனே விட்டால் இரண்டாவது சொட்டு முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும். முதல் சொட்டு விட்டதும் போனில் 5 நிமிட டைமரைத் தட்டிவிடுங்கள். குப்பிகளில் 1, 2 என்று பெரிதாக எழுதி ஒட்டிவிட்டால், பார்வை தெளியாத முதல் நாட்களில் மாற்றி விடும் ஆபத்து குறையும். ஸ்டீராய்டு சொட்டு பிரெட்னிசலோன் அசிட்டேட்டாக இருந்தால் ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்க வேண்டும். மருந்து அடியில் தங்கும் வகை அது. ஒரு வேளைக்கு ஒரு சொட்டு போதும். கண் இமைக்குள் அதற்கு மேல் நிற்காது.

குப்பி எப்போது தீரும் என்பதையும் பாருங்கள். 5 மில்லி குப்பியில் ஏறக்குறைய 100 சொட்டு. உங்கள் சீட்டின்படி 6 வாரத்துக்கு 147 சொட்டு ஆகிறது. ஒரு சொட்டும் சிந்தாமல் விட்டாலும் 20-ஆம் நாள் வாக்கில் தீர்ந்துவிடும். தவிர, திறந்த குப்பியை 4 வாரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. எனவே 14-ஆம் நாளில் ‘புதிய குப்பி வாங்கு’ என்று இன்னொரு நினைவூட்டல் போடுங்கள். மூன்றாம் வாரம் மருந்து விட்டுப்போவதற்கு மறதியைவிடக் காலிக் குப்பிதான் பல வீடுகளில் காரணம்.

ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் கண்ணுக்குள் அழற்சி திரும்பும். நாள் கடந்தும் விட்டுக்கொண்டே இருந்தால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும். இரண்டு பக்கமும் பள்ளம் என்பதால்தான் தேதிகளை இவ்வளவு வற்புறுத்துகிறோம். வலி கூடினாலோ, சிவப்பு ஏறினாலோ, பார்வை மங்கினாலோ அலாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. டிஸ்சார்ஜ் சம்மரியில் 9 மருந்து இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் அலாரம் வைத்தால் நாள் முழுக்க மணி அடிக்கிறது. அம்மா எரிச்சலில் எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறார்.
– வாசகி, திருநெல்வேலி

அம்மாவின் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. மருந்துக்கு ஒரு மணி வைக்காதீர்கள், வேளைக்கு ஒரு மணி வையுங்கள். அவர் வீட்டில் எப்போது சாப்பிடுகிறார் என்பதை முதலில் எழுதிக்கொண்டு, அதன்மேல் மருந்தைப் பொருத்துங்கள். பெரும்பாலான வீடுகளில் நான்கு மணி போதும்: காலை உணவுக்கு அரை மணி நேரம் முன் (வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் இங்கே வரும்), காலை உணவுக்குப் பின், மதிய உணவுக்குப் பின், இரவு உணவுக்குப் பின். சீட்டில் 1-0-1 என்றிருந்தால் காலையும் இரவும். ஆன்டிபயாடிக்கும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையும் அப்படி எழுதப்பட்டிருந்தால் இரண்டு வேளைக்கும் இடையே 12 மணி நேரம் வருவது நல்லது. காலை 8, இரவு 8 என்று வைத்துவிடுங்கள்.

அலாரத்தின் பெயரில் எண்ணிக்கையை எழுதுங்கள். ‘இரவு 8 – 3 மாத்திரை – ரத்தம் உறையாமை, சர்க்கரை, கால்சியம்’ என்பது போல. கையில் இரண்டுதான் இருந்தால் ஒன்று குறைகிறது என்று உடனே தெரியும். வெறுமனே ‘மாத்திரை’ என்று எழுதிய அலாரத்தால் பயன் குறைவு.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைக்கு முடிவுத் தேதி கட்டாயம். முழங்கால் மாற்றுக்கு அபிக்சபான் 2.5 மில்லிகிராம் வழக்கமாக 10 முதல் 14 நாள். இடுப்பு மூட்டு மாற்றுக்கு அதே மருந்து 5 வாரம் வரை போகும். பக்கத்து வீட்டில் இடுப்பு மாற்றிக்கொண்டவர் இன்னும் போடுகிறார் என்பதற்காக அம்மா தொடரக் கூடாது. அவர் சீட்டில் உள்ள தேதிதான் கணக்கு. வலி இல்லை என்பதற்காக முன்னதாக நிறுத்தவும் கூடாது. காலின் ஆழ்நாளங்களில் ரத்தம் கட்டுவதற்கு வலி முன்னறிவிப்பு தருவதில்லை.

‘எஸ்ஓஎஸ்’ என்று எழுதிய மருந்துக்கு அலாரமே வைக்காதீர்கள். வலித்தால் மட்டும் போடு என்பது அதன் பொருள். மணி அடித்ததும் வலி இல்லாமலே விழுங்குவார்கள். டிராமடால் என்ற வலி மருந்து கலந்ததாக இருந்தால் மலச்சிக்கல், வாந்தி, தலைச்சுற்றல் எல்லாம் வீணாக வந்து சேரும். தலைச்சுற்றலோடு வாக்கர் பிடித்து நடப்பது விழுவதற்கு வழி. இந்த வகை மாத்திரைக்குப் போனில் ஒரு குறிப்பு வைத்து, போட்ட நேரத்தை மட்டும் எழுதுங்கள். அடுத்த மாத்திரைக்கு முன் அந்தக் குறிப்பைப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. டிராமடால் மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கும். அசிக்ளோஃபெனக் என்ற வலி மாத்திரைகளிலும் அப்படியே. கூடவே பாராசிட்டமால் 650 தனியாகவும் போனால், ஒரே மருந்து இரண்டு பெயரில் உள்ளே போகிறது. பாராசிட்டமால் 650-க்கு இரண்டு மாத்திரைக்கு இடையே குறைந்தது 6 மணி நேரம், நாளுக்கு மொத்தம் 4 மாத்திரை என்பதை, மருத்துவர் வேறு சொல்லாதவரை, எல்லையாக வையுங்கள். கூட்டு மாத்திரையில் உள்ளதும் இந்தக் கணக்கில் சேரும்.

கடைசியாக, பழைய மாத்திரைகள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் அம்மாவிடம் இருந்தால், அவற்றையும் மருத்துவமனை கொடுத்ததையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வணிகப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயரை ஒப்பிடுங்கள். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் இரண்டு அட்டையில் இரண்டு நிறத்தில் இருப்பது சாதாரணம். அலாரத்திலும் இந்த மருந்துப் பெயரையே எழுதுங்கள். கடைக்காரர் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தாலும் குழப்பம் வராது.

மாத்திரை நினைவூட்டும் செயலி ஒன்றை இறக்கினேன். இரண்டு நாள் ஒழுங்காக ஒலித்தது. மூன்றாம் நாள் மௌனம். ஏன்?
– வாசகர், கோவை

செயலியில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரியைக் காப்பதற்காக, திறக்காமல் கிடக்கும் செயலிகளை உறங்க வைக்கின்றன. இந்தியாவில் அதிகம் விற்கும் பல கம்பெனிப் போன்களில் இது இன்னும் கடுமை.

செட்டிங்ஸில் அந்தச் செயலியின் பக்கத்துக்குப் போங்கள். அறிவிப்புகளுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு 13 முதல் இதைச் செயலி கேட்டு வாங்க வேண்டும். அவசரத்தில் ‘வேண்டாம்’ தட்டியிருப்பீர்கள். பேட்டரி பகுதியில் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்று மாற்றுங்கள். ‘ஆட்டோஸ்டார்ட்’ என்று ஒன்று இருந்தால் அதை இயக்குங்கள். ‘அலாரம்ஸ் அண்ட் ரிமைண்டர்ஸ்’ என்ற தனி அனுமதியையும் பாருங்கள். ஆண்ட்ராய்டு 14-இல் புதிதாக இறக்கும் பல செயலிகளுக்கு இது தானாகக் கிடைப்பதில்லை. கிடைக்காவிட்டால் மணி சொன்ன நேரத்தைவிடத் தாமதமாக அடிக்கும்.

சோதிக்கும்போது மூன்று நிமிடத்தில் அடிக்கும்படி வைத்துப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். போன் உறங்கப் பல மணி நேரம் ஆகும். இரவு வைத்துவிட்டு, போனைத் தொடாமல், காலையில் அடிக்கிறதா என்று பாருங்கள். அதுதான் உண்மையான சோதனை. இரவில் போன் தானாகப் புதுப்பித்துக்கொண்டு மீண்டும் இயங்கினால், ஒருமுறை பூட்டைத் திறக்கும் வரை பல செயலிகள் வேலை செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இத்தனையும் செய்ய நேரமில்லையென்றால் போனோடு வரும் கடிகார அலாரத்தையே நம்புங்கள். அது அலாரம் என்றே போன் அறிந்திருப்பதால் பேட்டரி சேமிப்பு அதைத் தடுப்பதில்லை. ‘தொந்தரவு செய்யாதே’ நிலையிலும் வழக்கமாக ஒலிக்கும். அலாரத்தின் ஒலி அளவு அழைப்பின் ஒலி அளவிலிருந்து வேறு. அதையும் தனியாக உயர்த்துங்கள். குறை ஒன்றுதான்: தினமும் அடிக்கும்படி வைத்த அலாரத்துக்கு முடிவுத் தேதி கொடுக்கப் பல கடிகாரச் செயலிகளில் வழியில்லை. ஆகவே அலாரத்தின் பெயரிலேயே ‘14-ஆம் தேதி வரை’ என்று எழுதுங்கள்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ‘ஹெல்த்’ செயலியில் மருந்துப் பகுதி ஐஓஎஸ் 16 முதல் உள்ளேயே இருக்கிறது. ஐஓஎஸ் 17-இல், போட்டதாகக் குறிக்காவிட்டால் 30 நிமிடம் கழித்து மறுபடி நினைவூட்டும் வசதியும் சேர்ந்தது. வேறு செயலி தேவையில்லை.

கணவருக்கு உலோக இதய வால்வு வைத்திருக்கிறார்கள். அசெனோகூமரால் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) ஒரு நாள் 2 மில்லிகிராம், மறுநாள் 3 மில்லிகிராம். ஒற்றைப்படைத் தேதியில் 2, இரட்டைப்படையில் 3 என்று நினைவில் வைத்திருக்கிறோம். சரியா?
– வாசகி, தஞ்சாவூர்

மாதம் 31 நாள் என்றால் தவறிவிடும். 31-ஆம் தேதியும் ஒற்றைப்படை, மறுநாள் 1-ஆம் தேதியும் ஒற்றைப்படை. இரண்டு நாள் தொடர்ந்து 2 மில்லிகிராம் போகும். திங்கள், புதன், வெள்ளி என்று கிழமை வைத்தாலும் இதே சிக்கல், ஏனெனில் வாரத்துக்கு ஏழு நாள். காலண்டரில் இரண்டு நிகழ்வு போடுங்கள்: இன்று தொடங்கி 2 நாளுக்கு ஒருமுறை ‘2 மில்லிகிராம்’, நாளை தொடங்கி 2 நாளுக்கு ஒருமுறை ‘3 மில்லிகிராம்’. நாள் மாறவே மாறாது. உங்கள் மருத்துவர் கிழமை சொல்லியே எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் கிழமைப்படி வையுங்கள்.

நேரம் மாலையாக இருக்கட்டும், 6 அல்லது 7 மணி. காலையில் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் அளவு) பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தால் மதியத்துக்குள் முடிவு வந்து, மருத்துவர் அளவை மாற்றினால் அன்று மாலையே மாற்றிப் போட முடியும். அளவு மாறும்போது காலண்டரில் ‘திஸ் அண்ட் ஃபாலோயிங் ஈவன்ட்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘ஆல் ஈவன்ட்ஸ்’ கொடுத்தால் கடந்த நாட்களின் குறிப்பும் மாறிவிடும். போன மாதம் எவ்வளவு போட்டார் என்று மருத்துவர் கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. ஐஎன்ஆர் பரிசோதனைத் தேதிக்கும் ஒரு நினைவூட்டல் வேண்டும், முதல் நாள் மாலையிலேயே.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள் எதையும் இந்த மருந்தோடு சேர்க்காதீர்கள். ரத்தக்கசிவுக்கு அது நேர் வழி.

அலாரத்தை அணைத்துவிட்டேன். மாத்திரை போட்டேனா இல்லையா என்று நினைவில்லை. இப்போது என்ன செய்வது?
– வாசகர், காஞ்சிபுரம்

எங்களுக்கு அதிகம் வந்த கேள்வி இதுதான். அலாரம் அடித்தபோது மாத்திரை வேறு அறையில் இருந்திருக்கும். எழுந்து போவதற்குள் ஓர் அழைப்பு வந்திருக்கும். எனவே ஒரே விதி வையுங்கள்: மாத்திரை தொண்டைக்குள் இறங்கிய பிறகுதான் அலாரத்தை அணைப்பது. உடனே போட முடியாவிட்டால் ‘ஸ்னூஸ்’ மட்டும். அணைக்கும் விரல் முந்திக்கொள்ளும் என்றால் போனை மாத்திரை டப்பா, தண்ணீர்ப் பாட்டில் இரண்டுக்கும் பக்கத்தில் வைத்துவிடுங்கள். எழுந்து போய்த்தான் அணைக்க வேண்டியிருக்கும்.

போட்டேனா என்று தெரிந்துகொள்ள மாத்திரை அட்டைதான் நல்ல சாட்சி. பிரித்த அன்றே ஒவ்வொரு குழியின் பின்புறமும் பேனாவால் தேதியை எழுதிவிடுங்கள். இன்றைய குழி காலியா என்று பார்த்தால் போதும். வாரப் பெட்டியில் பிரித்து வைப்பவர்கள் ஒரு வாரத்துக்கு மேல் நிரப்ப வேண்டாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் டபிகட்ரான் போன்ற சில மருந்துகள் ஈரம் பட்டால் கெடும். அவற்றை அட்டையை விட்டுப் பிரிக்கவே கூடாது.

எந்த வழியிலும் தெரியவில்லை, மருந்தோ ரத்தம் உறையாமல் தடுப்பது என்றால், இரண்டாவது முறை போடாதீர்கள். அடுத்த வேளைக்குக் காத்திருங்கள். அல்லது மருத்துவமனைக்குப் போன் செய்து கேளுங்கள்.

போடவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மருந்துக்கு மருந்து விதி வேறு. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளில், குளோபிடோகிரல் 12 மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் உடனே போடலாம், அதற்கு மேல் ஆகிவிட்டால் அடுத்த வேளையோடு தொடரலாம். டிகாக்ரெலார் விட்டுப்போனால் விட்டதுதான், அடுத்த வேளைக்கு ஒன்று. அபிக்சபானும் ரிவராக்சபானும் அதே நாளில் நினைவு வந்தால் போடலாம். அசெனோகூமரால் அன்று இரவுக்குள் நினைவு வந்தால் போடலாம், மறுநாள் என்றால் விட்டுவிட்டு, விட்ட தேதியைக் குறித்து ஐஎன்ஆர் பார்க்கும்போது சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் நினைவு வந்ததும் போடலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் வேண்டாம். எந்த மருந்தாக இருந்தாலும் விட்டதையும் சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது.

இந்த வரிகளை உங்கள் மருத்துவரிடம் காட்டி, உங்களுக்குப் பொருந்துவதை அலாரத்தின் குறிப்பிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அகாலத்தில் சந்தேகம் வந்தால் தமிழ்நாட்டில் 104 எண்ணை அழைத்து மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.

தைராய்டு சுரப்பியை முழுவதும் எடுத்துவிட்டார்கள். தைராக்சின், கால்சியம் இரண்டும் உண்டு. காலையில் ஒரே அலாரத்தில் முடித்துவிடலாமா?
– வாசகி, ஈரோடு

கூடாது. கால்சியம் தைராக்சினைப் பிடித்துவைத்து உடம்பில் சேரவிடாது. இரண்டுக்கும் இடையே 4 மணி நேரம் வேண்டும். காலை 5.30-க்குத் தைராக்சின், வெறும் தண்ணீரோடு. 6.30-க்கு இன்னொரு மணி: ‘இனி காபி குடிக்கலாம்’. இந்த இரண்டாவது மணியை விளையாட்டாக நினைக்காதீர்கள். மாத்திரை போட்ட கையோடு காபி குடிப்பதுதான் அளவு சரியாகாமல் போவதற்கு நம் வீடுகளில் முக்கியக் காரணம். கால்சியம் மதிய உணவோடும் இரவு உணவோடும். வாயைச் சுற்றியோ விரல் நுனியிலோ மதமதப்பு வந்தால் கால்சியம் குறைகிறது என்று பொருள். அலாரத்துக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனையை அழையுங்கள்.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். காரைக்குடியில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். இங்கிருந்தே காலண்டரில் நினைவூட்டல் போட்டேன். அம்மாவுக்கு விடிகாலையில் அடிக்கிறதாம்.
– வாசகர், சிங்கப்பூர்

நீங்கள் காலை 8 மணி என்று போட்டது சிங்கப்பூர் நேரம். இந்திய நேரம் இரண்டரை மணி பின்னால் இருப்பதால் அம்மாவின் போனில் 5.30-க்கு ஒலிக்கிறது. நிகழ்வைத் திருத்தி, நேரத்துக்குக் கீழே உள்ள ‘டைம் ஸோன்’ என்பதில் இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் போனில் அது 10.30 என்று தெரியும், அது சரிதான்.

இதய ரத்தக் குழாயை விரித்துவைக்கும் ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரினும், கூடவே குளோபிடோகிரல், பிராசுக்ரெல், டிகாக்ரெலார் ஆகியவற்றில் ஒன்றும் இருக்கும். மாரடைப்புக்குப் பின் வழக்கமாக ஓர் ஆண்டு. டிகாக்ரெலார் என்றால் நாளுக்கு இரண்டு முறை. இரவு வேளைதான் அதிகம் தவறுகிறது, அதை மட்டுமாவது கூடுதல் கவனத்தோடு வையுங்கள். முதல் மாதங்களில் இவற்றை நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து மறுபடி மாரடைப்பு வரலாம். பல் பிடுங்கப் போனாலும் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. ஆகவே இந்த மருந்துகளுக்கு மட்டும் முடிவுத் தேதி போடாதீர்கள். தேதி வந்ததும் அலாரம் தானாக ஓய்ந்து, அம்மாவும் நிறுத்திவிடக் கூடாது. அதற்குப் பதில் 11-ஆம் மாதத்தில் ‘மருத்துவரைக் கேள்’ என்று ஒரு நினைவூட்டல் போடுங்கள். மாத்திரை தீர 7 நாள் இருக்கும்போது ‘வாங்கு’ என்றும் ஒன்று.

கண்காணிப்பதற்கு, மருந்தைக் குறிக்காவிட்டால் குடும்பத்தில் ஒருவருக்குச் செய்தி அனுப்பும் செயலிகள் உண்டு. மெடிசேஃப் அப்படி ஒன்று. ஆனால் அம்மா தினமும் திரையைத் தட்டிக் குறிப்பவராக இருந்தால்தான் அது உதவும். தட்ட மறந்து மாத்திரை போட்டிருந்தாலும் உங்களுக்கு எச்சரிக்கை வரும், பத்து நாளில் நீங்களே அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவீர்கள். காலியான குழியைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வது பல வீடுகளில் நன்றாக நடக்கிறது. அதைவிட நல்லது, இரவு 8 மணிக்கு நீங்கள் வீடியோ அழைப்பில் இருக்கும்போதே அவர் மாத்திரை போடுவது.

இதெல்லாம் உண்மையில் பலன் தருகிறதா? ஆய்வு ஏதும் உண்டா?
– வாசகர், சென்னை

உண்டு, அவற்றின் முடிவு நிதானமானது. அமெரிக்காவில் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாத 411 பேரிடம் மெடிசேஃப் செயலியை 12 வாரம் சோதித்தார்கள், முடிவு 2018-இல் வெளிவந்தது. மருந்தை ஒழுங்காகப் போடுகிறோம் என்று சொன்னவர்களின் அளவு சற்றே கூடியது. ரத்த அழுத்தத்தில் இரண்டு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு வந்த, 50,000 பேருக்கு மேல் பங்கேற்ற இன்னோர் அமெரிக்க ஆய்வில், மலிவான மாத்திரைப் பெட்டியும் நேரம் காட்டும் மூடியும் தபாலில் அனுப்பியதால் மட்டும் மருந்துப் பழக்கம் மேம்படவில்லை.

இவை நாள்பட்ட நோய்களுக்கான ஆய்வுகள். ஆனாலும் ஒன்றைத் தெளிவாக்குகின்றன. மறதியால் விடுபவருக்கு மணி உதவும். மாத்திரை போட்டால் வாந்தி வருகிறது, விலை கட்டவில்லை, குணமாகிவிட்டேன், எதற்கென்றே தெரியவில்லை என்று விடுபவருக்கு எத்தனை மணி அடித்தும் பயனில்லை. மணி அடித்தும் ஒருவர் தொடர்ந்து விடுகிறார் என்றால் அலாரத்தை மாற்றாமல், ஏன் என்று அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள்.

மாமியாருக்கு எழுத்து வாசிக்க வராது. பொத்தான் போன்தான் வைத்திருக்கிறார். கர்ப்பப்பை அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து நாள் ஆன்டிபயாடிக்.
– வாசகி, விருதுநகர்

பொத்தான் போனிலும் அலாரம் உண்டு. காலைக்கும் இரவுக்கும் இரண்டு வையுங்கள். ஒவ்வொரு வேளை மாத்திரையையும் சிறு காகித உறையில் போட்டு, காலை உறைக்குச் சூரியனும் இரவு உறைக்கு நிலாவும் வரையுங்கள். பத்து உறை, ஐந்து நாள். உறை தீர்ந்தால் மருந்து முடிந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று மூன்றாம் நாளே நிறுத்தாமல் பத்தும் தீர வேண்டும் என்று சொல்லி வையுங்கள். வீட்டில் யாரிடமாவது ஸ்மார்ட்போன் இருந்தால், ‘அத்தை, மாத்திரை போடுங்க’ என்று உங்கள் குரலையே பதிவு செய்து அலாரம் ஒலியாக வைக்கலாம். பல போன்களில் இதற்கு வசதி இருக்கிறது.

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். டாக்ரோலிமஸ் (புதிய சிறுநீரகத்தை உடம்பு ஏற்க வைக்கும் மாத்திரை) காலை 9, இரவு 9. அலாரம் தவறாமல் அடிக்கிறது, நானும் தவறாமல் போடுகிறேன். ஆனால் ரத்தப் பரிசோதனையில் அளவு கூடுதலாக இருப்பதாகச் சொல்கிறார்கள்.
– வாசகர், வேலூர்

பரிசோதனை நாளன்றும் அலாரம் அடித்ததும் போட்டுவிட்டு ரத்தம் கொடுத்தீர்களா என்று பாருங்கள். டாக்ரோலிமஸ் அளவை அடுத்த வேளைக்குச் சற்று முன், முந்தைய மாத்திரையிலிருந்து ஏறக்குறைய 12 மணி நேரத்தில் எடுக்க வேண்டும். போட்ட பிறகு எடுத்தால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். அதை நம்பி மருத்துவர் மாத்திரையைக் குறைத்தால் உடம்பு புதிய சிறுநீரகத்தை ஏற்க மறுக்கும் ஆபத்து வரும். அடுத்த முறை போகும்போது நடந்ததை அப்படியே சொல்லிவிடுங்கள். நீங்களாக அளவை மாற்ற வேண்டாம்.

ஒவ்வொரு பரிசோதனைத் தேதிக்கும் முதல் நாள் இரவு 9 மணிக்கு ‘நாளை காலை மாத்திரை ரத்தம் கொடுத்த பிறகு’ என்று தனி நினைவூட்டல் போடுங்கள். மறுநாள் காலை 9 மணி அலாரத்தை அந்த ஒரு நாளுக்கு மட்டும் நிறுத்தி வையுங்கள், அழித்துவிட வேண்டாம். காலை மாத்திரையைக் கையோடு ஆய்வகத்துக்கு எடுத்துப் போய், ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு இருக்கும்போதே போட்டுவிடுங்கள். வீடு திரும்பித்தான் போடுவது என்று வைத்தால் பேருந்தும் வெயிலும் சேர்ந்து மதியம் ஆகிவிடும்.